ரோமாபுரிக்குப் பெயர் வைத்தவர்

வாசகரே, இன்று உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தப்போகும் உயிரினத்துக்கு அசல்காரர் என்று பெயர். காட்டில் தேட வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் உறுதி. சாம்பார் நன்றாயிருக்கிறது என்று நீங்கள் வாய்தவறிச் சொல்லிவிட்டால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா அசல் சாம்பார் இது இல்லீங்க" என்று ஆரம்பிப்பவர். சினிமாவில் ராஜா செத்துக் கிடப்பான், ராணி மார்பில் அடித்துக்கொள்வாள், கொட்டகையே மூக்கைச் சிந்தும். இவர் மட்டும் பக்கத்து இருக்கைக்காரரின் காதருகே குனிந்து, அதோ அந்தக் கூடையில் பச்சை மிளகாய் கிடக்கிறதே, அந்த நூற்றாண்டில் இந்த நாட்டில் ஏது பச்சை மிளகாய் என்று கேட்பார். தப்பாகவா சொல்கிறார்? இல்லை. வினையே அங்கேதான். அவர் சொல்வது பெரும்பாலும் சரி. சரியாக இருப்பதே அவருக்கு முழுநேர உத்தியோகம். வேறு எந்தக் காரியமும் முடியாமல் கிடப்பதற்கு அதுதான் காரணம்.

உதாரணம் காட்ட நான் திருக்காட்டுப்பள்ளியைத் தாண்ட வேண்டியதில்லை. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் பரிதி போதும்.

பரிதி நல்ல மனிதர். முதுகலைப் பட்டதாரி. சிரித்த முகம். சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் மழைக்காலத்து மந்தமான வியாபாரத்தில், யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு சரித்திர நாவல் எழுதுவதென்று முடிவெடுத்தார். காவிரி கடலில் கலக்கிற இடத்துக்கு ஒரு ரோமானிய வணிகன் கப்பலில் வருகிறான். அருமையான தொடக்கம். வந்தவன் கரையில் கால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கால் வைப்பதற்கு முன் அவனுக்கு ஒரு பெயர் வேண்டுமே?

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஏதாவது ஒரு பெயருக்குப் பின்னால் 'அஸ்' என்று ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். பரிதி போகவில்லை. ரோமானியர்களுக்குப் பெயர் எப்படி வைத்தார்கள் என்று கைப்பேசியில் தேடினார். தேடப் போனவர் திரும்பவே இல்லை.

அவர்களுக்கு ஒன்றல்ல, மூன்று பெயர் என்று கண்டுபிடித்தார். முன்னால் ஒன்று, வீட்டார் கூப்பிட. நடுவில் குலப்பெயர். கடைசியில் பட்டப்பெயர்: செம்பட்டை முடி, பெரிய மூக்கு, மாறுகண், வழுக்கை, எது கண்ணில் படுகிறதோ அது. வீட்டார் கூப்பிடும் பெயர்கள் மொத்தமே பத்துப் பதினைந்துக்குமேல் தேறாததால் ஊரெல்லாம் ஒரே பெயர், அதனால்தான் பட்டப்பெயர் தேவைப்பட்டது என்பதை அவர் புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. அவர் தெருவில் நின்று "வீரையா" என்று கத்தினால் நாலு பேர் திரும்புவார்கள். மொட்டை வீரையன், பட்டாளத்து வீரையன், நெட்டை வீரையன், மோட்டார் வீரையன். இதில் மோட்டார் வீரையன் பரிதியின் சொந்த அப்பா. ஆனால் ஆராய்ச்சி என்பது தூரத்தில் இருப்பதைப் பற்றியதல்லவா?

அடுத்து, வணிகனின் முதற்பெயரை லத்தீனில் 'C' என்று எழுதி 'G' ஒலியில் சொல்ல வேண்டுமா, எழுதினபடியே சொல்ல வேண்டுமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் என்பது பொங்கலுக்கு அப்புறம் நினைவுக்கு வந்தது.

அவருடைய சிநேகிதர் ஆண்டனி, பக்கத்தில் பிளக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருப்பவர், பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னார்:

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு மாப்ள? எம்பேர வையேன்."

"ஆண்டனியா? ரோமாபுரிக்காரன் பேரு மாதிரியே இல்லியேடா" என்று பரிதி சிரித்தார். அன்று சாயங்காலமே தேடிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து ஓடி வந்தார்.

"ஆண்டனி, உன் பேரு அசல் குலப்பேருடா! அந்தோனியஸ்! பெரிய குலம்! அதுல மேட்டுக்குடிக் கிளை ஒண்ணு, சாமானியர் கிளை ஒண்ணு. நீங்க எதுல வருவீங்க?"

ஆண்டனி கையிலிருந்த பிளக்ஸைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"நாங்க பூண்டி மாதா கோயில் பங்குடா" என்றார்.

அதற்கப்புறம் பரிதிக்குக் கண் திறந்தது. சுற்றிப் பார்த்தால் பெலிக்ஸ் பஞ்சர் ஒட்டுகிறார், செசிலி டீச்சர் கணக்குப் பாடம் எடுக்கிறார், மார்ட்டின் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். மாதா கோயில் திருவிழாவுக்குப் போனால் பாதி ரோமாபுரி அங்கே கடலை கொறித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பெயரை எடுத்துக்கொண்டு எழுத வேண்டியதுதானே? எடுக்கவில்லை. இவை எல்லாம் பிற்காலத்து வடிவமாம். அசல் இல்லையாம்.

மோட்டார் வீரையனுக்கு மகனுடைய ரோமாபுரியில் அக்கறை கிடையாது. ஒரே ஒரு தடவைதான் அதில் தலையிட்டார். அடிமையாயிருந்து விடுதலையானவன் தன் எசமானின் குலப்பெயரையே தனக்கு வைத்துக்கொள்வான் என்று மகன் கடையில் யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தபோது, பெரியவர் நடுவில் கேட்டார்:

"விட்டுட்டு வந்தவன் எதுக்குடா அவன் பேரத் தூக்கிக்கிட்டுத் திரியணும்?"

"அது அங்க வழக்கம்பா."

"வழக்கமா? எங்கப்பாவுக்குப் பேரு வச்சவரு பண்ணையாருடா. அவரு வாயில வந்தத வச்சாரு. அதனாலதான் எனக்குப் பொறந்ததுக்கு அன்னிக்கே நானே வச்சேன், பரிதின்னு. நான் ஒரு புஸ்தகமும் பாக்கல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

இப்படியிருக்கையில் பரிதிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

பரிதியின் மனைவி கயல்விழி இ-சேவை மையத்தில் கணினி பார்ப்பவள். நாள் முழுக்க அவளிடம் வருகிறவர்கள் பெயர் திருத்த வருகிறவர்கள்தான். ஒரே ஆளுக்கு ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர். மூன்று பெயர் வைத்துக்கொள்வது ரோமானியருக்கு மட்டும் உரிய பெருமை அல்ல. ஊராருடைய பெயரையெல்லாம் நேராக்கிக் கொடுக்கும் கயல்விழிக்குத் தன் குழந்தையின் பெயரை மட்டும் எழுத முடியவில்லை. ஏனென்றால் பரிதி, "அவசரப்படாத கயல். அசலா ஒண்ணு வைப்போம்" என்றார்.

பெரியவர் தன் தாயாரின் பெயரான கண்ணாத்தாளைச் சொன்னார். பழசு என்றார் பரிதி. கயல்விழியின் தம்பி ஒன்று சொன்னான். அது டிவி சீரியலில் வருவது என்றார். மற்றொன்றில் வடமொழி வாடை. இன்னொன்றில் 'ழ' வருகிறது, ஆங்கிலத்தில் எழுதினால் சிதைந்துவிடும். வேறொன்று எல்லா வகையிலும் பொருத்தம், ஆனால் அதே பெயரில் தஞ்சாவூரில் ஒரு மாவு மில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெயருக்குரிய இடம் காலியாகவே வந்தது. தடுப்பூசி அட்டையில் 'கயல்விழியின் பெண் குழந்தை' என்று எழுதினார்கள். கயல்விழி கோபித்துக்கொண்டபோது பரிதி ஒரு சமாதானம் சொன்னார். அசல்காரர்களின் சமாதானம் எப்படியிருக்கும் என்று பாருங்கள்.

"ரோமாபுரியில பொண்ணுங்களுக்குத் தனிப்பேரே கிடையாது, தெரியுமா? அப்பாவோட குலப்பேர அப்படியே பொண்ணுப் பேரா மாத்திக் கூப்பிடுவாங்க. வலேரியஸ் மகன்னா வலேரியஸ், மகள்னா வலேரியா. ரெண்டு பொண்ணுன்னா பெரியவ, சின்னவ. அவ்வளவுதான்."

"அப்ப நம்ம பாப்பா பேரு பரிதியா-வா?"

வாசலில் யாரோ அப்போது பார்த்து, "பரிதியா?" என்று குரல் கொடுத்தார்கள். கயல்விழி சிரிக்கவில்லை.

குழந்தைக்கு எட்டாம் மாதத்தில் காய்ச்சல் வந்தது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீட்டு எழுதுகிற இடத்தில், "குழந்தை பேரு?" என்றார்கள். பரிதி, "இன்னும் முடிவாகலீங்க" என்றார். சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். கயல்விழியும் பார்த்தாள்.

அன்று முழுக்கக் குழந்தை கண்ணைத் திறக்காமல் கிடந்தது. அதன் காதருகே குனிந்து கூப்பிட வேண்டும்போல் கயல்விழிக்கு இருந்தது. பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டாள். அந்த வார்டில் கிடந்தவை எல்லாமே பாப்பாக்கள்தான். பக்கத்துக் கட்டிலில் ஒரு தாய் தன் பிள்ளையை, "ஃபாஜில், எங்கண்ணு ஃபாஜில், இங்க பாரு" என்று சொல்லிச் சொல்லி எழுப்பிக்கொண்டிருந்தாள். அது மெல்லத் திரும்பியது. கயல்விழி தன் பெண்ணிடம் சொல்லத் தன்னிடம் ஒரு சொல் இல்லையே என்று எண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். பரிதி அருகில் ஈரத்துணியோடு நின்றார். அவருக்கும் அழுகை வந்தது. ஆனாலும் வீடு திரும்பும்போது பஸ்ஸில், "சங்க காலத்துப் பூப் பேரு ஏதாவது…" என்று ஆரம்பித்தார்.

குழந்தைக்குச் சரியாயிற்று. கயல்விழிக்குத்தான் வேறொன்று பிடித்துக்கொண்டது.

கைப்பேசியில் தொடர்கதை எழுதவும் படிக்கவும் ஒரு செயலி உண்டு, அதில் அந்த மாதத்திலிருந்து 'கடைமடை' என்ற பெயரில் ஒரு கதை வரத் தொடங்கியது. ரோமானியக் கப்பலில் கணக்கெழுத வந்த வெட்டியஸ் என்பவன் காய்ச்சலில் விழுகிறான்; கப்பல் அவனைக் காவிரி முகத்துவாரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறது; ஒரு மீனவப் பெண் கஞ்சி கொடுத்துப் பிழைக்க வைக்கிறாள்; கல்யாணம், குழந்தை. எங்கள் குல வழக்கப்படி இவள் பெயர் வெட்டியா என்கிறான் அவன். "எம்பொண்ணு ஏன்யா வெட்டியா இருக்கணும்?" என்று அவள் கத்துகிறாள். இந்த இடத்தில் படித்தவர்கள் உருண்டு சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எவனோ ஒருத்தன் என் கதையத் திருடிட்டான் கயல்!" என்றார் பரிதி, தோசையைக் கையில் பிடித்தபடி. "நான் நாலு வருஷமா யோசிச்சது. அதே கப்பல், அதே கரை!"

"நீங்க எழுதியிருக்கீங்களா?"

"எழுதல. ஆனா யோசிச்சிருக்கேன்ல?"

"எவனோன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கடைமடைன்னு பேரு போட்டிருக்கான். பேரப் பாரு!"

கயல்விழி தரங்கம்பாடிப் பக்கத்தில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை ஊர்ப் பெண். பெயர்களின் பூர்வீகத்தை எல்லாம் தோண்டுகிற பரிதிக்கு இந்த ஒரு பெயரின் பூர்வீகம் தோண்டத் தோன்றவில்லை. அவள் இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள்.

அன்றிலிருந்து 'அசல் வாசகன்' என்ற பெயரில் அந்தக் கதைக்குக் கீழே பின்னூட்டங்கள் வரத் தொடங்கின. ஆசிரியர் கவனத்துக்கு, வெட்டியஸுக்குப் பட்டப்பெயர் எங்கே? ஆசிரியர் கவனத்துக்கு, கணக்கெழுதுபவன் பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமையாகத்தான் இருப்பான், அவன் எசமான் யார்? 'ஆசிரியர் கவனத்துக்கு' என்று பார்த்ததுமே கயல்விழிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. உரக்கம்பெனிக்கு எழுதும் மின்னஞ்சலிலும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். 'தங்கள் அன்புக்கு நன்றி' என்று பதில் போட்டுவிட்டு, அவள் ஒரு திட்டம் போட்டாள்.

கதையில் அந்தத் தாய் குழந்தைக்குப் பெயர் தேட ஆரம்பித்தாள். ஓர் அத்தியாயத்தில் 'புனல்' என்றாள். மறுநாளே அசல் வாசகன் வந்தார்: ஆற்று வெள்ளம் என்பது சரி, ஆனால் இன்றைக்குப் புனல் என்றால் மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான் நினைவுக்கு வரும். அடுத்து 'குவளை'. பூதான், ஆனால் டம்ளரும் அதுதான். ஆசிரியர் பாத்திரக்கடை வைக்கப்போகிறாரா? அடுத்து 'ஆம்பல்'. அழகு, ஆங்கிலத்தில் எழுதினால் அம்பாள் ஆகிவிடும். கயல்விழி ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனாள். குழந்தைக்கு ஒரு வயசு முடிய அதிக நாள் இல்லை. அதற்குள் சான்றிதழில் பெயர் சேர்த்துவிட்டால் கட்டணம் இல்லை என்று அவளே ஊராருக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள்.

அப்புறம் ஒருநாள் கதையில் அந்த மீனவப் பெண் மணலில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் பூவை எடுத்துக் குழந்தையின் தலையில் வைத்து, 'செருந்தி' என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடத்தில் எப்போதோ படித்து கயல்விழியின் மனதில் தங்கிவிட்ட பூ அது.

மறுநாள் பின்னூட்டம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பரிதி கடையில் கைப்பேசியை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். அகராதி பார்த்தார், ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிப் பார்த்தார், மாவு மில் ஏதும் இருக்கிறதா என்று தேடினார். மூன்றாம் நாள் எழுதினார்: 'செருந்தி. கடற்கரைப் பூ. தூய தமிழ். குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இதை நான் கண்டுபிடித்திருக்கலாம் என்று பொறாமையாக இருக்கிறது.'

கயல்விழி அதை மையத்தில் உட்கார்ந்து படித்தாள். எதிரே பெயர் திருத்த வந்து காத்திருந்த பெரியவரிடம், "ஒரே ஒரு நிமிஷம் ஐயா, என் பொண்ணுக்கு மொதல்ல" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தைத் திறந்தாள்.

மாமனாரிடம் மட்டும் சொன்னாள். மோட்டார் வீரையன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "செருந்தி. செருந்தி. வாயில நிக்குதும்மா. போதும்."

குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. கோயில் வாசலில் ஆண்டனி அடித்த பிளக்ஸ், குழந்தையின் படம், மேலே கொட்டை எழுத்தில் 'செல்வி செருந்தியின் காதணி விழா'. பரிதி கையில் மாலைகளோடு வந்தவர் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றார்.

"ஆண்டனி, இந்தப் பேர எங்கேர்ந்துடா எடுத்த? இது ஒருத்தன் கதையில வர்ற பேருடா!"

"கயல் குடுத்துச்சு. சர்ட்டிபிகேட்ல இருக்கே? நீதான் ஓகே பண்ணினேன்னு சொல்லிச்சு."

"நானா?"

பரிதி திரும்பினார். கயல்விழி பட்டுப்புடவையில், தட்டில் வெற்றிலையை அடுக்கியபடி, தலை நிமிராமல் கேட்டாள்:

"உங்களுக்கு எந்த ஊர்லேங்க பொண்ணு எடுத்தாங்க?"

"தரங்கம்பாடிப் பக்கம்…" என்று ஆரம்பித்தவர் அண்ணாந்து பிளக்ஸை மறுபடி படித்தார். தண்ணீர் கடைசியில் வந்தாலும் வந்துவிட்டது.

கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவர் முடிவெடுப்பதற்குள் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. யார் பொம்மை காட்டியும் நிற்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பரிதி, முதலில் மெதுவாக, பிறகு தன்னையறியாமல் பலமாக, "செருந்தி! செருந்தி, அப்பாவப் பாரு!" என்று கூப்பிட்டார்.

அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று திரும்பியது. கண்ணீரோடு கூட்டத்தில் தேடி, அவரைக் கண்டுபிடித்துப் பார்த்தது. அவர் கடையிலிருந்த வேளைகளில் வீட்டில் கேட்டுக் கேட்டு அதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருந்தது. ஆசாரி அந்தக் கணத்தில் இரண்டாவது காதையும் முடித்துவிட்டார். பரிதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை, என்றார். அங்கே புகை எதுவும் இல்லை.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரம் கதையின் கடைசி அத்தியாயத்துக்குக் கீழே அசல் வாசகன் எழுதினார்: 'ஆசிரியர் கவனத்துக்கு, கப்பல் அந்த மாதத்தில் அந்தக் காற்றில் கிளம்ப முடியாது.' ஆசிரியர் பதில் போட்டார்: 'கடையிலேர்ந்து வரும்போது செருந்திக்குப் பால் பவுடர் வாங்கிட்டு வாங்க.' இது என்ன குறியீடு என்று வாசகர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படித்தவரையில் நன்றாகச் சிரித்தீர்கள். ஆனால் செருந்தி உண்மையிலேயே கடற்கரைப் பூதானா என்று பார்க்க நடுவில் கைப்பேசியை எடுத்தீர்களா இல்லையா? அந்தோனியஸ் குலத்துக்கு இரண்டு கிளை என்பது சரிதானா என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டீர்களா இல்லையா? வெறும் சந்தேகம்தான், தெளிவாகட்டுமே என்றுதான், இல்லையா? தாராளமாகத் தேடுங்கள். கிடைத்ததும் எனக்கு எழுத வேண்டாம். நேரம் கிடைத்தால் மட்டும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாரோ ரொம்ப நேரமாக உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.